வரைபட வியாபாரி மூழ்காத கதை

என் அண்ணன் ஆல்பன் ராய்ட்மயர் எப்படி மனம் மாறினார் என்று ஆளாளுக்குப் புத்தகம் எழுதிவிட்டார்கள். ஒருவர் தத்துவம் படித்து மாறினார் என்கிறார். இன்னொருவர் போரில் தோற்ற வேதனை என்கிறார். அவருடைய பெரிய நாவலைப் பிய்த்துப் பிய்த்து ஆராய்ந்து, இந்தப் பக்கத்தில்தான் பழைய ராய்ட்மயர் செத்தார், இந்தப் பக்கத்தில் புதியவர் பிறந்தார் என்று கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் நான். என்னிடம் ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு காப்பியோடு சொல்லி முடித்திருப்பேன்.

நான் கிரெசென்ஸ். வீட்டில் சென்ஸி. என் கணவர் லோரென்ஸ் தபால் ஆபீஸ் குமாஸ்தா. அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில் போருக்குப் போனதும் நானும் என் மகன் கோர்பினியனும் மியூனிக்கில் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டோம். அண்ணனுக்குக் கல்யாணம் இல்லை. சமையல், துவையல், கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்வது எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. ஆனால் நாவல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. போருக்கு முந்தைய வருஷத்தில், ஒரு சின்ன வேடிக்கைக் கதை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். சின்னக் கதை பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் உயிரை வாங்கியது.

கதை இதுதான். டான்யூப் நதியில் வெள்ளம். நடு ஆற்றுத் தீவில் ஒரு விடுதி, அதில் மாட்டிக்கொண்ட விருந்தாளிகள். அவர்களில் ஒரு கர்னல். பள்ளிக்கூடங்களுக்கு வரைபடம் விற்கிற ஒரு வியாபாரி. இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டு நடுவில் முழிக்கிற ஒரு இளம் தச்சன். வரைபட வியாபாரி சரியான வாயாடி. ரொட்டியைப் பங்கு போடுவதற்குக்கூடக் கையைத் தூக்கி வாக்களிக்க வேண்டும் என்பான். குதிரைக்காரனுக்கும் ஒரு வாக்கு, கர்னலுக்கும் ஒரு வாக்கு. அவன் கடைசியில் படகில் எழுந்து நின்று ஜனநாயகத்தைப் பற்றிப் பேசி, அதிலேயே நிலை தடுமாறி ஆற்றில் விழுந்து மூழ்கிப்போவான். தச்சன் கர்னலோடு போருக்குப் படகேறுவான். அப்போது அண்ணனின் திட்டம் அது.

அண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டம் உண்டு. நாங்கள் தனியாக இருந்த காலத்திலும் அன்றைக்கு அங்கே போய்விடுவோம். மூன்று மணிக் காப்பி முடிந்ததும் அண்ணன் அந்த வாரம் எழுதியதை வாசிப்பார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கோப்பையில் கரண்டி படும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. வைத்த பிறகு, இருப்பவர்களிலேயே வயதில் சின்னவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முதலில் பேசினால் சின்னவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது அண்ணன் கட்சி. அதனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து கோர்பிதான் முதலில் பேசுவான். எப்போதும் ஒரே தீர்ப்பு.

"நல்லாருக்கு மாமா. கொஞ்சம் நீளம்."

நான் கோர்பியைக் கண்ணாலேயே மிரட்டுவேன். அண்ணனோ சிரித்துக்கொண்டு, அன்று ராத்திரியே பேனாவை எடுத்துக் கொஞ்சம் வெட்டுவார். பெரிய பெரிய விமர்சகர்கள் சொன்னதற்கு ஒரு காற்புள்ளியை நகர்த்தாத மனிதர், இவனுக்காக அரைப் பக்கம் வெட்டுவார். வரைபட வியாபாரி மூழ்கும் காட்சியை வாசித்த அன்று மட்டும் கோர்பி நீளம் என்று சொல்லவில்லை. சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தான்.

போர் வந்ததும் நாவல் அலமாரிக்குள் போனது. அண்ணனுக்குக் கண் பார்வை மோசம், ராணுவத்தில் எடுக்கவில்லை. அந்த அவமானத்துக்கு மருந்தாகவோ என்னவோ, மேசையில் உட்கார்ந்து போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாடே அதைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஜனநாயகம் என்பது கடைக்காரர்களின் கணக்கு, ஜெர்மானியனுக்கு ஆன்மா உண்டு, வாள் உண்டு என்கிற மாதிரிப் போகும். அதை லோரென்ஸுக்கே சமர்ப்பணம் செய்து, முதல் பிரதியைப் போர்முனைக்கு அனுப்பிவைத்தார்.

லோரென்ஸ் பிரான்ஸில், வெர்தூன் போர்முனையில் செத்தார். அவருடைய சாமான்கள் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தன. கைக்கடிகாரம், புகைக்குழாய், சட்டைப் பையில் இருந்த அண்ணன் புத்தகம். கடிகாரத்தை மகனிடம் கொடுத்தேன். புத்தகத்தைப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் வைத்தேன். என் மைத்துனர் இந்தப் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீழ்ந்தார் என்று அண்ணன் அடுத்த பதிப்பின் முன்னுரையில் எழுதினார். கோர்பி அந்த முன்னுரையை முதலில் மனப்பாடம் செய்தான். பிறகு முழுப் புத்தகத்தையும் செய்தான்.

போரில் தோற்றோம், ராஜா ஓடினார், குடியரசு வந்தது. கோர்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கலர் தொப்பி போட்ட மாணவர் சங்கம் ஒன்றில் உறுப்பினரானான். அந்தப் பையன்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அண்ணன் முன்னால் குதிகாலைச் சேர்த்து நிற்பார்கள். குடியரசைக் கவிழ்ப்பது பற்றி என் சமையலறையில் உட்கார்ந்து, என் உருளைக்கிழங்கு சாலடைத் தின்றுகொண்டே பேசுவார்கள். அண்ணன் மறுபடி நாவலை எடுத்து, அந்தப் படகுக் காட்சியையே திரும்ப எழுதப் பார்த்தார். ஆனால் ஓடவில்லை. வரைபட வியாபாரி படகில் ஏறவே மாட்டேன் என்கிறான் என்று முனகுவார்.

அண்ணனுக்கு வியாழக்கிழமை தோறும் பீர் விடுதியில் ஒரு மேசை. அதே ஆட்கள், அதே நாற்காலிகள். ஆளுக்கொரு மூடி போட்ட பீர்ச் சாடி, மூடியில் பெயர் பொறித்து விடுதி அலமாரியிலேயே இருக்கும். மேசைக்குத் தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் ஷ்டிட்ஸ். அவருக்குக் குரல் பெரிசு, மூளைக்கு இடம் கொஞ்சம்.

இருபத்திரண்டாம் வருஷம் கோடையில் பெர்லினில் வெளியுறவு அமைச்சரைக் காரில் போகும்போதே சுட்டுக் கொன்றார்கள். அவர் யூதர், குடியரசுக்காரர். சுட்டவர்கள் படித்த வீட்டுப் பையன்கள். அடுத்த வியாழக்கிழமை அண்ணன் வழக்கம்போலப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். நான் அடுப்படியில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"மேஜர் எந்திரிச்சு சாடியத் தூக்கினான் சென்ஸி. அந்தப் பையன்களுக்காகக் குடிப்போம்னான்."

"அவன் எதுக்குத்தான் குடிக்க மாட்டான்?"

"ஒரு வாக்கியம் சொன்னான். தேசத்தின் ஆன்மாவை விலைபேசுகிறவன் மேல் விழும் அடி கொலையல்ல, தீர்ப்பு. அப்படின்னான். எல்லாரும் சாடி மூடியத் தட்டி என்னையே பாத்தாங்க."

"உன்னை எதுக்குப் பாக்கணும்?"

அண்ணன் ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தார்.

"நீ எழுதினதா?" என்றேன்.

"இருக்காது. நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்."

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து போய்ப் போர்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

"நான் சாடியத் தூக்கல," என்றார். "அந்தப் பசங்களுக்கு நம்ம கோர்பி வயசுதான் சென்ஸி."

மறுநாள் அவருடைய சாடியை விடுதிப் பணியாள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அந்த மேசையில் ஒருவரை விலக்கினால் அப்படித்தான் செய்வார்கள், கடிதம் எழுதமாட்டார்கள். நல்ல கனமான சாடி. நான் அதில் மரக்கரண்டிகளைப் போட்டு வைத்தேன். இன்றைக்கும் அதில்தான் இருக்கின்றன.

அன்றிலிருந்து நாவல் ஓடியது. ஆனால் வேறு பக்கம் ஓடியது. நான் தட்டச்சு செய்கிறவள், எனக்குத்தான் முதலில் தெரியும். வியாபாரி படகில் ஏறுகிறான், எழுந்து நிற்கிறான், பேசுகிறான், விழுகிறான். ஆனால் தச்சன் அவன் பின்னால் குதித்துத் தூக்கிக்கொண்டு வருகிறான். கரையேறி, இருமி, மூக்கைச் சிந்தி, அந்த ஆள் விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பிக்கிறான். கடைசி ரொட்டி வரும்போது கர்னல் பலமுள்ளவர்களுக்கு மட்டும் என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு வியாபாரி மட்டும் கையைத் தூக்குகிறான். அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தச்சன் தன் கையைத் தூக்குகிறான்.

"அப்போ முதல் பாதிய மாத்தணுமே," என்றேன். "அதுல இவன் கோமாளியால்ல இருக்கான்."

"இருக்கட்டும். இப்பவும் கோமாளிதான். ஆனா அவன் சொன்னது சரி. அவனப் பாத்துச் சிரிச்சவன் நான். படிக்கிறவனும் என்கூடச் சேர்ந்து சிரிச்சிட்டுத்தான் இங்க வரணும்."

பண்டிதர்கள் இதை மகத்தான உத்தி என்று எழுதியிருக்கிறார்கள். உத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் முகத்தில் தானே துப்பிக்கொள்வதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது.

ஆகஸ்ட் கடைசியில் குளிர்காலப் பூட்ஸுகளுக்கு மெழுகு தடவலாம் என்று கோர்பியின் பெட்டியைத் திறந்தேன். இடது பூட்ஸுக்குள் கைத்துப்பாக்கி இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து, துணி சுற்றி வைத்திருந்தான். புருஷனைக் கொடுத்தாயிற்று. இவனையும் ஏதோ ஒரு காரின் பின்னால் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. அதை இருந்தபடியே வைத்துவிட்டு நேராக அண்ணன் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"உன் பேச்சத் தவிர அவன் யார் பேச்சும் கேக்க மாட்டான். நீதான் அவன அங்க தள்ளிவிட்ட, நீதான் இழுத்துட்டு வரணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம அந்த அத்தியாயத்த வாசிக்கிறேன்."

"வாசிக்காத அண்ணா. பேசு. உக்கார வச்சுப் பேசு."

"எனக்குப் பேசத் தெரியாது சென்ஸி. எழுதினத வாசிக்கத்தான் தெரியும். அவனுக்குப் புரியும். அவன் என் வாசகன்."

எழுதுகிறவர்களுக்கே உள்ள புத்தி இது. வீடு பற்றி எரிந்தாலும் முதலில் நல்ல பத்தி ஒன்று அமைய வேண்டும்.

ஞாயிறு வந்தது. பிளம் பழம் அடுக்கிய கேக் செய்திருந்தேன். கோர்பிக்கு உயிர் அது. சங்கத் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணன் வாசித்தார். வியாபாரி ஆற்றில் விழுந்தபோது கோர்பி சின்ன வயதில் சிரித்த மாதிரியே சிரித்தான். தச்சன் குதித்ததும் சிரிப்பு நின்றது. கை தூக்கும் இடத்தில் அவன் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தான். அண்ணன் முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சின்னவன் பேச வேண்டும். நாங்கள் காத்திருந்தோம்.

"இத எழுதினது யாரு மாமா?" என்றான்.

"நான்தான்."

"அப்போ அத எழுதினது யாரு?" கண்ணை மூடிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னான். தேசத்தின் ஆன்மாவை விலைபேசுகிறவன் மேல் விழும் அடி. ஒரு சொல் பிசகவில்லை.

"அதுவும் நான்தான் கோர்பி. அது தப்பு."

"தப்புன்னா? எழுத்துப் பிழையா?"

"நெனப்பே தப்பு. எழுதியிருக்கக் கூடாது."

"எங்கப்பா அத நெஞ்சுல வச்சுக்கிட்டுச் செத்தாரு. நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ எங்கப்பா ஒரு தப்புக்காகச் செத்தாரா? சொல்லுங்க மாமா. பயந்துட்டீங்களா, இல்ல பெர்லின்காரங்க பரிசு ஏதாவது தர்றேன்னாங்களா?"

பத்து மொழிகளில் பெயர்க்கப்பட்ட மனிதர் வாயைத் திறந்து மூடினார். என் மகன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். இந்த வாசலைத் தாண்டினால் அவன் எனக்கில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் உள்ளே போனேன். படுக்கை விரிப்புகளுக்கு நடுவிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உங்கப்பாவோடது. தெறந்து பாரு."

எங்கள் ஊரில் புத்தகங்கள் அச்சடித்த தாளை மடித்தபடியே வரும். ஓரங்கள் ஒட்டியிருக்கும். காகிதக் கத்தியால் மடிப்பை அறுத்தால்தான் உள்ளே படிக்க முடியும். கோர்பி முதல் தாளைத் திருப்பினான். சமர்ப்பணம் இருந்தது, லோரென்ஸின் பெயர் இருந்தது. அந்த ஒரு மடிப்பு மட்டும் அறுத்திருந்தது. அடுத்ததைத் திருப்பப் பார்த்தான். வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கடைசிவரை கட்டையாக அப்படியே இருந்தது.

"இத அவர் படிக்கவே இல்லடா," என்றேன். "தன் பேரு அச்சுல எப்படியிருக்குன்னு பாக்க மட்டும் அறுத்திருக்காரு. மச்சான் அனுப்பினது, தூக்கிப் போட்டா மனசு நோகுமேன்னு பையில வச்சிருந்தாரு. அவ்வளவுதான். உங்கப்பா உத்தரவு வந்துச்சு, போனாரு. குண்டு பட்டுச்சு, செத்தாரு. வெண்ணெய் கெடைக்குதான்னுதான் கடைசிக் கடுதாசியில கேட்டிருந்தாரு."

கோர்பி என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தையே பார்த்தான். மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். வருத்தம் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அதற்கெல்லாம் மேலே, தன் புத்தகத்தை ஒருவன் படிக்கவில்லையே என்ற எரிச்சலும் கொஞ்சம் இருந்தது. கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியாதா?

கோர்பி புத்தகத்தை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனான். கேக்கைத் தொடவில்லை. அன்று அவன் பெட்டியும் போயிற்று, பூட்ஸும் போயிற்று. சங்க விடுதியிலேயே தங்கிவிட்டான். கடிதம் போட்டேன், பதில் இல்லை.

நவம்பரில் பல்கலைக்கழகத்தில் அண்ணனைப் பேச அழைத்தார்கள். போர்ப் புத்தகத்து ராய்ட்மயர் என்று நினைத்துத்தான் அழைத்தார்கள், பாவம். கிளம்புமுன் கழுத்துப் பட்டியைக் கட்டிவிடும்போது ஒன்றே ஒன்று சொன்னேன்.

"லோரென்ஸை மறுபடியும் மேடையில ஏத்தாத."

"ஏத்தல," என்றார்.

பேராசிரியர் பேச்சு பிடித்தால் மாணவர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் பூட்ஸைத் தரையில் தேய்ப்பார்கள். வாய் பேசக் கூடாது, அது மரியாதை. நான் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே கலர் தொப்பிகளின் வரிசையில் கோர்பியைக் கண்டேன். இளைத்திருந்தான். ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. பூட்ஸுக்குள் இருந்த சாமான் இப்போது எங்கே இருக்கிறது என்று நினைத்ததும் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் மேடையேறியதும் கூடமே தட்டியது. அவர் காகிதத்தை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தின் மேலேயே வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது.

"பெர்லின்ல அந்த மனுஷனக் கொன்ன பையன்களுக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டுது. அத நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது பொய். இந்தக் குடியரசு அழகா இல்ல, எனக்கும் தெரியும். ஆனா இதுல ஒருத்தன ஒருத்தன் கொல்லாம ரொட்டியப் பங்கு போடலாம். நான் இது பக்கம்."

தேய்க்க ஆரம்பித்தார்கள். முதலில் பின் வரிசை, பிறகு எல்லா வரிசையும். ஆணி அடித்த பூட்ஸுகள். தூசி எழும்பி விளக்கை மறைத்தது. அண்ணனின் வாய் அசைவது தெரிந்தது, குரல் வரவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. கோர்பியின் கால்களையே பார்த்தேன். அவை அசையவில்லை. இரண்டு பக்கமும் தேய்க்கிறார்கள், இவன் கால் மட்டும் நட்டு வைத்த மாதிரி நிற்கிறது. பக்கத்துப் பையன் குனிந்து காதில் ஏதோ சொன்னான். அசையவில்லை. அவன் பூட்ஸால் இவன் காலை மிதித்தான். அப்போதும் அசையவில்லை. கை பையிலிருந்து வெளியே வந்தது. அதில் அப்பாவின் புத்தகம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டான்.

அழுதேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

நாங்கள் வீட்டுக்கு வந்து சூப்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கோர்பி வெறுந்தலையோடு நின்றான். தொப்பியைப் பிடுங்கிக்கொண்டார்கள், உதடும் கிழிந்திருந்தது. துணி சுற்றிய துப்பாக்கியைக் கரண்டிச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இத எங்கயாவது போட்ரும்மா. ஆத்துல போடு."

தட்டை வைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். காத்திருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

கோர்பி கிழிந்த உதட்டால் சூப்பை ஊதி ஒரு வாய் குடித்தான்.

"நல்லாருந்துச்சு மாமா," என்றான். "கொஞ்சம் நீளம்."